இன்டர்வியூவுக்கு முன் ஆலை வாசலுக்குப் போங்கள்

டெரிவேட்டிவ் புரோக்கர் நிறுவனத்தில் டீலர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறீர்களா? டெரிவேட்டிவ் என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். அடுத்த கேள்வியில்தான் ஆள் உதிரும்: இதன் அண்டர்லையிங் எது? அதாவது, இந்த ஒப்பந்தத்தின் விலை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? கோலாலம்பூர்ப் பட்டதாரி ஸ்கிரீனில் பார்த்ததைச் சொல்வார். நீங்கள் குளுவாங். ஊரைச் சுற்றிச் செம்பனை. அதைக் காசாக்குங்கள்.

1. குலைக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். கச்சா செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ், சுருக்கமாக எஃப்சிபிஓ, 1980-இல் தொடங்கியது. இன்று புர்சா மலேசியா டெரிவேட்டிவ்ஸில் ஓடுகிறது. ஒரு காண்ட்ராக்ட் 25 டன். நூறு டன் குலைக்கு ஏறக்குறைய 20 டன் எண்ணெய் கிடைக்கும் என்றால், ஒரு காண்ட்ராக்டுக்குப் பின்னால் 125 டன் குலை. விலை டன்னுக்கு ஒரு வெள்ளி நகர்ந்தால் கணக்கில் 25 வெள்ளி. இதைக் காகிதம் இல்லாமல் சொல்லுங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தரத்தையும் விடாதீர்கள். டெலிவரிக்கான துறைமுகத் தொட்டிகளில் நமக்குப் பக்கம் பாசிர் கூடாங். தொட்டிக்குள் போகும் எண்ணெயில் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குலை அடிபட்டாலோ, ஆலைக்குத் தாமதமாகப் போனாலோ அமிலம் ஏறும். அப்பா தோட்டத்தில் குலை லாரி ஓட்டியவரா? கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த அறையில் அது உங்களிடம் மட்டுமே இருக்கும் சரக்கு.

2. கையால் தொட முடியாததையும் படியுங்கள். எஃப்கேஎல்ஐ ஃபியூச்சர்ஸுக்கு அண்டர்லையிங் 30 நிறுவனப் பங்குகளின் குறியீடு. ஒரு புள்ளிக்கு 50 வெள்ளி. குறியீட்டை லாரியில் ஏற்ற முடியாது, ஆகவே தீர்வு பணத்தில். கிளிபோர் ஃபியூச்சர்ஸுக்கு அண்டர்லையிங் வட்டி விகிதம். செம்பனை ஆப்ஷனில்தான் பொறி: அதன் அண்டர்லையிங் எண்ணெய் அல்ல, எஃப்சிபிஓ ஒப்பந்தமேதான். அங்கே வழுக்கிய நல்ல மார்க்குக்காரர்கள் ஏராளம்.

3. செய்தியைக் காரணத்தோடு பேசுங்கள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் 10ஆம் தேதிவாக்கில் கையிருப்புக் கணக்கை வெளியிடும். சந்தை அதற்காகக் காத்திருக்கும். 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. அந்த ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா தன் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஜகார்த்தா முடிவு குளுவாங் குலை விலையை எப்படித் தொடும் என்று இரண்டு நிமிடம் பேசப் பழகுங்கள்.

4. டீலர் லைசென்ஸ் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். மனுப் போட்ட பிறகு படிப்பவரைவிட, ஒரு தாளாவது முடித்தவருக்கே முதல் அழைப்பு.

5. இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரியம் தினமும் தரும் ரொக்க விலையையும் ஃபியூச்சர்ஸ் விலையையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இடைவெளிக்குப் பெயர் பேசிஸ். ரயில் நிலையக் காப்பிக் கடையில் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலைதான். ஒரு மாதம் எழுதிய நோட்டை இன்டர்வியூ மேசையில் வையுங்கள்.