பரணில் ஓர் ஆன்டெனா: அலைநீளத்தை அளந்து கற்ற அனுபவம்

பத்தாம் வகுப்பில் ஒலியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். திசைவேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு கணக்குகளும் போட்டு முடித்திருந்தேன். சன்னலோரம் இருந்த மாணவி ஒருத்தி வெளியே கை காட்டினாள். பள்ளிக்கு எதிரே உள்ள ஓட்டு வீட்டின் கூரையில், மீன்முள் போன்ற பழைய தொலைக்காட்சி ஆன்டெனா ஒன்று சாய்ந்து நின்றது.

"சார், அதுவும் அலையை வாங்குறதுதானே? அந்தக் கம்பி ஏன் அவ்வளவு நீளம்?"

"நீளமாக இருந்தால் நிறைய அலை கிடைக்கும்" என்றேன்.

"அப்படீன்னா முன்னாடி இருக்கிற கம்பியெல்லாம் ஏன் சார் குட்டையா இருக்கு?" என்றான் பின் பெஞ்சில் இருந்தவன்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால், கேட்ட பிள்ளைக்குத் தவறான விடையைச் சொல்லிவிட்டோம் என்பது வகுப்பைவிட்டு வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பல ஆண்டுகளாக அந்தச் சமன்பாட்டை நடத்தி வருகிறேன். கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளோடு அதை ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை.

அப்பாவின் சாக்பீஸ் கோடுகள்

அன்றிரவு எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்தது. 1980களின் இறுதியில் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அப்பா ஓட்டின்மேல் நின்று குழாயைத் திருப்புவார். நான் முற்றத்தில் நிற்பேன். அம்மா பெட்டிக்கு முன்னால் இருப்பார். "இப்பத் தெரியுதா?" என்ற கேள்வி கூரையிலிருந்து இறங்கும்; "புள்ளி புள்ளியா இருக்கு" என்ற பதில் என் வழியாக மேலே ஏறும். ஒவ்வோர் ஐப்பசியிலும் காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிடும். நனைந்த ஓட்டில் ஏறி வழுக்கிய ஒரு நாளுக்குப் பிறகு, அப்பா அதைக் கழற்றி ஓட்டுக்குக் கீழே பரணில் பொருத்தினார்.

முதல் நாள் படமே தெரியவில்லை. அப்பா சளைக்கவில்லை. ஒரு மாலையில் ஒரு மாற்றம் மட்டும் செய்வார். ஆன்டெனாவைச் சற்றுத் திருப்புவார் அல்லது அரை அடி நகர்த்துவார். நின்ற இடத்தை உத்தரத்தில் சாக்பீஸால் கோடிட்டு, பக்கத்தில் 'சுமார்', 'நல்லது' என்று எழுதுவார். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியையும் பித்தளை அண்டாக்களையும் அப்புறப்படுத்திய நாளில்தான் படம் தெளிந்தது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஆய்வு முறை அவர் கையில் இருந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு. சரியான விடையை நாமே அளந்து கண்டுபிடிப்போம்" என்று தொடங்கினேன். எதிர்வீட்டுப் பெரியவர் பயன்படாத அந்த ஆன்டெனாவைத் தாமே இறக்கிக் கொடுத்தார்.

கம்பியின் நீளம்

ஆன்டெனாவில் கேபிள் இணைந்திருக்கும் கம்பி ஒன்றே ஒன்றுதான். நீள்வளையமாக மடிந்திருக்கும் அதன் நீளம், வர வேண்டிய அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்க வேண்டும். நடைமுறையில் பாதியைவிடச் சுமார் 5 விழுக்காடு குறைவாக வைப்பார்கள். மாணவர்கள் அளந்தபோது 70 செ.மீ. வந்தது. 0.70ஐ 0.95ஆல் வகுத்தால் அரை அலைநீளம் சுமார் 0.737 மீட்டர், முழு அலைநீளம் 1.474 மீட்டர். ரேடியோ அலையின் திசைவேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதை அலைநீளத்தால் வகுத்தால் சுமார் 203.5 மெகாஹெர்ட்ஸ். அக்காலத்துத் தொலைக்காட்சியின் 9ஆம் அலைவரிசை 202 முதல் 209 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த வீட்டார் எந்த அலைவரிசையை ஒட்டிப் படம் பார்த்திருப்பார்கள் என்பதை ஓர் அளவுகோல் சொல்லிவிட்டது. 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 4ஆம் அலைவரிசையாக இருந்திருந்தால், அதே கம்பி 2.3 மீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒலிக்கும் ரேடியோ அலைக்கும் சமன்பாடு ஒன்றுதான். ஆனால் ரேடியோ அலை ஒலி அன்று. அது மின்காந்த அலை. பரவ ஊடகம் தேவையில்லை. 'ரேடியோவில் பாட்டு வருவதால் ரேடியோ அலையும் ஒலிதான்' என்ற பிழையான எண்ணம் பல மாணவர்களிடம் இருக்கிறது.

முன்கம்பியும் பின்கம்பியும்

மடித்த கம்பிக்குப் பின்னால் இருப்பது சற்று நீளமானது. பின்புறமிருந்து வரும் அலையைப் பெருமளவு தடுத்து, முன்புறமிருந்து வருவதைத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் இருப்பவை சற்றுக் குட்டையானவை. அலையை மடித்த கம்பியை நோக்கி நெறிப்படுத்துகின்றன. எனவே குட்டைக் கம்பிகளின் பக்கம் ஒளிபரப்பு நிலையத்தை நோக்க வேண்டும். ஜப்பானில் 1920களில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்த அமைப்பு இது. யாகி ஆன்டெனா என்று பெயர் நிலைத்துவிட்டது.

பரணில் நடப்பது என்ன?

சுட்ட களிமண் ஓடு அலையை ஓரளவு வலுவிழக்கச் செய்யும், முழுதும் தடுக்காது. ஓடு நனைந்தால் இழப்பு கூடும். மழை நாளில் எங்கள் வீட்டுப் படம் மங்கியதற்கு இதுவே காரணம். தகரக் கூரைக்குக் கீழே ஆன்டெனா வைப்பது வீண். கம்பி கட்டிய கான்கிரீட்டும் அலையைப் பெரிதும் குறைக்கும். பரணில் உள்ள உலோகப் பொருள்கள் அலையைத் தடுக்கும், எதிரொளிக்கும். ஆன்டெனாவின் ஒத்ததிர்வையும் மாற்றும். மின்கம்பிகளிலிருந்தும் விலக்கி, இயன்ற அளவு உயரமாகவும் நிலையத்தை நோக்கியும் பொருத்த வேண்டும். தட்டைக் கேபிளை உலோகக் குழாயோடு சேர்த்துக் கட்டினால் பெற்ற அலையும் வழியிலேயே குறையும்.

இரட்டை உருவம்

எங்கள் வீட்டில், செய்தி வாசிப்பவருக்கு வலப்புறம் 2 செ.மீ. தள்ளி மங்கலான இன்னோர் உருவம் தெரியும். நேரே வரும் அலையோடு, எதிரொளித்துத் தாமதமாக வரும் அலையும் சேர்வதன் விளைவு அது. பழைய தொலைக்காட்சியில் படத்தின் ஒரு வரி இடமிருந்து வலமாக வரையப்படச் சுமார் 52 மைக்ரோ வினாடி ஆகும். படத்தின் அகலம் 40 செ.மீ. என்றால் 1 செ.மீ.க்கு 1.3 மைக்ரோ வினாடி. அந்நேரத்தில் அலை 390 மீட்டர் செல்லும். எனவே 2 செ.மீ. விலகலுக்கு 780 மீட்டர் கூடுதல் பாதை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில், ஒரு பாறைக்குன்று உண்டு. அலை அதுவரை போய்த் திரும்பினால் ஒரு வழித் தொலைவு 390 மீட்டர். சிறுவயதில் ஆட்டுக்குட்டிகளோடு ஓடிய தூரத்தை இத்தனை ஆண்டுகள் கழித்துக் கணக்கில் கண்டபோது, சொன்ன எனக்கும் கேட்ட மாணவர்களுக்கும் சிலிர்த்தது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க, நடுநிலை வகுப்புகள்: மத்திய அலை பிடிக்கும் சிறிய ரேடியோவை ஒரு நிலையத்தில் வைத்து, கிடைநிலையில் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகவும் குறையும். அத்திசையைத் தரையில் கோடிட்டு, வரைபடத்தோடு ஒப்பிடலாம். கோட்டின் இரு முனைகளில் எது சரி என்பதை மாணவர்களே விவாதிக்கட்டும்.

உயர்நிலை வகுப்புகள்: பண்பலை ரேடியோவின் இழுப்புக் கம்பியை 10, 25, 50, 75 செ.மீ. என நீட்டி, இரைச்சலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் செய்யலாம். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. பிறகு, ரேடியோவை ஓட்டுக்குக் கீழே, நனைந்த சாக்குக்குக் கீழே, மூடிய தகர டப்பாவுக்குள் என வைத்து ஒப்பிடலாம்.

இரண்டு குறிப்புகள். வலுவான நிலையத்தில் எந்த மாற்றமும் தெரியாது. இரைச்சலோடு கேட்கும் நிலையத்தையே தேர்ந்தெடுங்கள். கம்பி அருகே நிற்பவரின் உடலும் அலையைப் பாதிக்கும். ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று கேட்க வேண்டும்.

பாதுகாப்பு: மாணவர்களைக் கூரையிலோ பரணிலோ ஏற்றக் கூடாது. மின்கம்பி செல்லும் இடத்தில் நீளக் கம்பிகளைத் தூக்கக் கூடாது. இடி மின்னலின்போது இச்செயல்பாடுகள் வேண்டாம்.

நிறைவாக

இப்போது மாணவர்களின் ஆய்வுக் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடச் சொல்கிறேன்: மாற்றியது என்ன? மாற்றாமல் வைத்தது என்ன? கண்டது என்ன? அப்பா உத்தரத்தில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.

அந்த ஆன்டெனா இன்று எங்கள் அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் இருக்கிறது. முதலில் கேள்வி கேட்ட மாணவி, ஒவ்வொரு கம்பியிலும் அதன் நீளத்தை எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். தெரியாத கேள்வி வந்தால், "நாளை அளந்து பார்ப்போம்" என்று சொல்ல இப்போதெல்லாம் எனக்குத் தயக்கமில்லை.