செக்குக்கு அப்பால்: சிறை எழுத்தும் நம் வகுப்பறையும்

வ.உ.சி. என்றதும் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சொல்லும் சொற்கள் இரண்டு: கப்பல், செக்கு. சிறையில் அவர் என்ன எழுதினார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர் பட்ட துன்பத்தைக் கற்பிக்கிறோம். அந்தத் துன்பத்திற்குள் அவர் செய்த வேலையைக் கற்பிப்பதில்லை.

1908இல் கைதான வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூல் ஒன்றை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 'மெய்யறம்' என்னும் அறநூலை இயற்றினார். தன் வரலாற்றைச் செய்யுளில் எழுதத் தொடங்கினார்.

நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானவர் இராஜாஜி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட அவரது உப்பு யாத்திரை தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சேர்ந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் நாட்குறிப்பு எழுதினார். விடுதலைக்குப் பின் தேர்தலும் ஊழலும் பணபலமும் மக்களை வாட்டும் என்று அதில் எச்சரித்தார். அனைவருக்கும் கல்வி என்பதிலேயே நம்பிக்கை வைத்தார். ஆசிரியர்களாகிய நாம் படிக்க வேண்டிய பகுதி அது.

இதை இரண்டு பாடவேளைகளில் இவ்வாறு நடத்தலாம்.

முதல் பாடவேளை: மாவட்ட வரைபடத்தில் யாத்திரை சென்ற வழியைக் குழுவாகக் குறிக்கட்டும். பின்னர் வ.உ.சி.யின் செய்யுள், இராஜாஜியின் நாட்குறிப்பு, நேரு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் ஆகிய மூன்றையும் அறிமுகப்படுத்தலாம். ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது, ஏன் இந்த வடிவம் என்று கேட்கலாம்.

இரண்டாம் பாடவேளை: ஆளுக்கு ஒரே ஒரு தாள். அன்று கண்டதை மட்டும் எழுத வேண்டும். "மகிழ்ச்சி", "சோகம்" போன்ற சொற்களுக்கு இடமில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வராததை, வாய்க்கால் மண்ணின் வெடிப்பை வைத்தே ஒரு மாணவி எழுதினாள். பத்து வரிதான், கட்டுரை ஏட்டில் அவள் அதுவரை அப்படி எழுதியதில்லை.

ஒன்றில் கவனம் தேவை. உறவினர் ஒருவர் சிறையில் இருக்கும் பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கலாம். "தியாகிகள் வேறு, கைதிகள் வேறு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வாக்கியம் அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைக்கும். அதற்கு மாறாக, இன்றும் நம் மாநிலச் சிறைகளில் இருப்போர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லலாம். நம் மாணவர்கள் எழுதும் அதே தேர்வு, அதே பாடநூல்.

மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிப்பு என்று நம்பும் மாணவருக்கு, எந்த மதிப்பெண்ணும் கிடைக்காத இடத்திலும் மனிதர்கள் படித்தார்கள், எழுதினார்கள் என்று காட்ட இந்த இரண்டு பாடவேளைகள் போதும்.