எரிமீனும் விண்கல்லும்



விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்கு நடந்தவர்கள் நம் தோட்டத்து மூத்தோர். கித்தா மரங்கள் நின்ற இடங்களிற் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும் பிரட்டுக்கு முன்னர் இருட்டிலேயே எழுந்து வெளியே வரும் வழக்கம் நம் மக்களை விட்டுப் போகவில்லை. எரிமீன்களைக் காண்பதற்கு ஏற்ற வேளையென்று வானநூலார் கூறுவதும் அதுவே. பட்டணத்தார் கடிகாரத்தில் மணி வைத்து எழுந்து காணும் காட்சியை நம்மவர் வேலைக்குப் போகும் வழியிலேயே காண்கின்றனர். ஆதலின் இம்மலரில் எரிமீன்களைப் பற்றியும், வானிலிருந்து மண்ணில் வந்து விழும் விண்கற்களைப் பற்றியும் எழுத விழைந்தோம். இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அது சிறிது வருத்தம் தருவது, பின்னர்க் கூறுவோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விண்வெளியில் திரியும் சிறு துகள் ஒன்று நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் நமது காற்று மண்டலத்துள் நுழைகிறது. அத்துகள் பெரும்பாலும் மணற்பரல் அளவே இருக்கும். தரைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் அது வெந்து ஆவியாகும்போது தோன்றும் ஒளிக்கீற்றே எரிமீன். 'நட்சத்திரம் விழுகிறது' என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன். உண்மையிலேயே அது விழுமாயின் அதைப் பார்த்துச் சொல்ல இங்கே எவரும் இருக்கமாட்டார். மலாய் மக்கள் எரிமீனைத் 'தாஹி பிந்தாங்' என்பர். அதாவது நட்சத்திரத்தின் எச்சம். கேட்கச் சிரிப்பு வந்தாலும், விழுவது நட்சத்திரமன்று, அதனின் வேறான சிறு பொருள் என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியிருக்கிறது. எரிந்து தீராமல் எஞ்சித் தரையை அடையும் கல்லே விண்கல். வால்மீன் என்பது வேறு. அது சூரியனைச் சுற்றிவரும் பனியும் தூசியும் கலந்த பிண்டம்.

எரிமீன்கள் முன்னிரவைவிடப் பின்னிரவில் மிகுதியாகத் தோன்றுவது ஏன்? மழையில் ஓடும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். முன்கண்ணாடியில் துளிகள் வந்து மோதுகின்றன. பின்கண்ணாடியிலோ சிலவே படுகின்றன. நமது பூமியும் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடும் ஒரு பேருந்துதான். நள்ளிரவுக்குப் பின்னர் விடியும்வரை நாம் அதன் முன்பக்கத்தில் இருக்கிறோம். மாலையில் பின்பக்கத்தில் இருக்கிறோம். விடியற்காலை எரிமீன்கள் மிகுவதற்கும் விரைந்து பாய்வதற்கும் காரணம் இதுவே.

2001ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் விடியலை நம் வாழ்நாளில் மறப்பதற்கில்லை. அப்பொழுது நாம் இம்மாநிலத்திலேயே வேறொரு தோட்டப் பள்ளியில் இளம் ஆசிரியராக இருந்தோம். சிம்ம விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து அன்று எரிமீன் மழை பொழியுமென்று முன்கூட்டியே கணித்திருந்தனர். டெம்பல்-டட்டில் என்னும் வால்மீன் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகும்போது விட்டுச்செல்லும் தூசித் தடத்தில் பூமி புகுந்ததால் விளைந்தது அது. இரவு இரண்டு மணிக்குப் பள்ளித் திடலில் பாயை விரித்துப் படுத்தோம். மேகம் சிறிது விலகியிருந்தது. கிழக்கே மரங்களுக்கு மேலிருந்து கிளம்பிய கீற்றுகள் வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீண்டு சென்றன. அரை மணி நேரத்தில் நமது எண்ணிக்கை நூறைத் தாண்டிற்று. அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டோம். பால் வெட்டப் புறப்பட்டவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நம்முடன் நின்றனர். ஒரு பாட்டியம்மாள் மட்டும், "நட்சத்திரம் விழுறதப் பாத்தா உடனே பச்ச மரத்தப் பாக்கணும் வாத்தியாரே, இல்லாட்டி ஆகாது" என்று எச்சரித்தார். தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை மரந்தானே. அவருக்கு அன்று ஒரு குறையும் நேர்ந்திருக்க வழியில்லை!

அத்துணை எரிமீன்களில் ஒன்றேனும் கல்லாய்த் தரையில் விழவில்லை. வால்மீன் தூசி மிக மெல்லியது, மேலேயே தீர்ந்துவிடும். விண்கற்களோ பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களின் உடைந்த துண்டுகள். அவற்றுள்ளும் பூமியைப் பின்னாலிருந்து மெதுவாக எட்டிப் பிடிப்பவையே பெரிதும் தப்பிப் பிழைத்துத் தரை சேரும். அதனால் கண்ணெதிரே விழுந்த விண்கற்களிற் பல பிற்பகலிலும் மாலையிலும் விழுந்தவை. எரிமீனுக்கு விடியல், விண்கல்லுக்குப் பகல் என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் நிறைய உண்டு.

நம்மில் பலருடைய முன்னோர் மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். அந்த மதுரைப் பக்கத்தில், 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில், பர்ணல்லி என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. வடக்கே சிப்பாய்க் கலகம் மூள்வதற்கு இரண்டு திங்கள் முந்திய செய்தி இது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோகிராம். ஒரு மூட்டை அரிசியைவிடப் பளுவான பொருள் வானிலிருந்து வயற்காட்டில் இறங்கியது! பெரிய கல் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அறுத்துப் பார்த்தால் அதனுள் கடுகு போன்ற உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகித் துளித்துளியாய் உறைந்தவை அவை. பூமியில் அவ்வளவு பழமையான பாறை இல்லை. உலக அறிஞர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தத் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர் இன்றும் அடிக்கடி வருகிறது. ஊரார் பலருக்கு அது தெரியுமோ என்னவோ!

1621ஆம் ஆண்டு ஜலந்தர் அருகே விழுந்த இரும்புக் கல்லைச் சாதாரண இரும்புடன் கலந்து தனக்கு வாள் செய்வித்ததாக முகலாய மன்னர் ஜஹாங்கீர் எழுதிவைத்திருக்கிறார் என்பதையும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

பெரிய கல்லொன்று வருமாயின் என்ன நேரும்? 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இரஷ்ய நாட்டின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்தது. ஏறக்குறைய 1,500 பேர் காயமுற்றனர். அவர்கள்மேல் கல் விழவில்லை. வானில் பேரொளியைக் கண்டு வியந்து சன்னலருகே சென்று நின்றவர்கள்மேல், பின்னர் வந்த அதிர்ச்சியலையால் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல மூன்று நொடி ஆகும். 30 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்ந்த வெடிப்பு நம் காதுக்கு எட்ட ஒன்றரை நிமிடமாகும். மாணவர்களே, பகலைப் போன்ற ஒளி திடீரென்று தோன்றினால் சன்னலை விட்டு விலகுங்கள்; நொடிகளை எண்ணுங்கள்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தமிழ்நாட்டின் வேலூர் மாவட்டத்திலிருந்த ஒரு பொறியியற் கல்லூரி வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று செய்தித்தாள்கள் உலகெங்கும் எழுதின. மாநில அரசும் அவ்வாறே அறிவித்தது. ஆனால் அமெரிக்காவின் நாசா அறிஞர்கள் படங்களைக் கண்டு, அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போன்றே இருக்கிறதென்று கூறினர். சிறு விண்கல் காற்றில் தன் வேகத்தையெல்லாம் இழந்து, உயரத்திலிருந்து போட்ட கல்லைப் போலத்தான் கடைசியில் விழும். வெடிக்காது, தீப்பிடிக்கவும் செய்யாது. ஓர் ஏழைத் தொழிலாளியின் சாவுக்கு உண்மைக் காரணத்தைத் தேடுவதைவிட வானத்தைக் காட்டிவிடுவது எளிது என்பது நமது கருத்து.

இனி, முன்னே கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவர் ஒருவரின் தந்தையார் துணியில் சுற்றிய கரிய கல்லொன்றைக் கொண்டுவந்தார். வாய்க்கால் வெட்டும்போது கிடைத்ததாம். கையில் வாங்கினால் கனத்தது. அதை விண்கல் என்றும், வெளிநாட்டில் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்றும் யாரோ ஒருவர் கூறி, சோதனைச் சான்றிதழ் வாங்கித் தருவதாக 1,500 வெள்ளி பெற்றுச் சென்றிருக்கிறார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம். சென்றவர் திரும்பவில்லை. "கல்லு உண்மைதானே சார்?" என்று அவர் கேட்டபோது, உண்மையாக இருக்கக்கூடாதா என்றே நமக்கும் இருந்தது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை உடன் வைத்துக்கொண்டு சோதித்தோம். திசைகாட்டியை அருகில் கொண்டுசென்றதும் முள் அசைந்தது, பிள்ளைகள் ஆரவாரித்தனர். பெரும்பாலான விண்கற்களில் இரும்பு உண்டாதலின் முள் அசையும். ஆனால் நம் மண்ணின் செம்புறைக் கல்லிலும் சிலவேளை அசையும். அடுத்து, பழைய பால் மங்கு ஒன்றின் அடிப்புறத்தில், மெருகு பூசாத சொரசொரப்பான இடத்தில், கல்லைத் தேய்த்தோம். செங்காவிக் கோடு விழுந்தது. விண்கல் அவ்வாறு கோடு இழுக்காது. பெரும்பாலும் கோடே விழாது. மேலும் அக்கல்லில் சிறு துளைகள் இருந்தன. விண்கல்லின் மேற்புறம் தீயில் உருகி உறைந்த மெல்லிய கருந்தோலுடன், பிசைந்த மாவில் பெருவிரலை அழுத்தியதுபோன்ற குழிவுகளுடன் இருக்கலாம், துளைத்துளையாய் இராது. உடைந்த இடத்தில் உட்புறம் பெரும்பாலும் வெளிறிய சாம்பல் நிறமாய், ஆங்காங்கே உலோகப் பொட்டுகள் மின்னும். இவற்றுள் ஒன்றும் அங்கில்லை. அது நம் மாநிலத்து மேட்டு நிலங்களில் வண்டிவண்டியாகக் கிடைக்கும் இரும்புச் செம்புறைக் கல்லே. தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பிள்ளைங்க படிக்க வச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அச்சோதனையை நம்மிடம் பணம் வாங்குவதற்கு முன்னரே செய்திருக்கலாமே என்பதுதான் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. மங்கு ஒன்று போதும். ஒரு காசு செலவில்லை.

பழைய கொல்லுப் பட்டறைக் கசடும், துருவேறிய இரும்புத் துண்டும் விண்கல்லைப்போல் ஏமாற்றும். மலாய் மக்கள் 'பத்து ஹலிலிந்தார்', அதாவது இடிக்கல், என்று போற்றிவைக்கும் வழுவழுப்பான கற்கள் வானிலிருந்து வந்தவையல்ல. புதிய கற்கால மனிதர் தீட்டிய கோடரிகள். அத்தகைய கல் கிடைத்தால் அதுவும் ஒருவகைச் செல்வமே, எறிந்துவிடாதீர்கள்.

உலகில் இதுவரை எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட விண்கற்கள் பதிவாகியுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை தென்துருவப் பனியிலும் சகாராப் பாலையிலும் கிடைத்தவை. அங்கே கருங்கல் கண்ணுக்குத் தெரியும். துருப்பிடிக்க மழையும் இல்லை. நம் நாட்டிலோ விழுந்த கல்லைப் புல் மூடும், மழை அரிக்கும், இரும்பு சில ஆண்டுகளில் துருவாகி மண்ணோடு கலக்கும். ஆகவே இங்கே உண்மை விண்கல் கிடைக்க வேண்டுமாயின், விழுந்ததைக் கண்டவர் அல்லது கேட்டவர் உடனே தேடினால்தான் உண்டு. நிரை நிரையாக நடந்து தரையைப் பார்த்து வேலை செய்பவர்களைவிட அதற்கு ஏற்றவர் யார்?

அவ்வாறு ஐயத்திற்குரிய கல் கிடைப்பின் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், வலிய காந்தத்தை அதன்மேல் ஒட்டாதீர்கள். கல்லினுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்துள்ள காந்தத் தடயத்தை அது அழித்துவிடும். தூய உறையிலிட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கனிம, புவி அறிவியல் துறைக்கு எழுதுவது நம் பொறுப்பு.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14ஆம் நாள்களில் மிதுன விண்மீன் கூட்டத்திலிருந்து எரிமீன்கள் பொழியும்; மேகமும் நிலவும் இடங்கொடுத்தால் நள்ளிரவுக்குப் பின் நன்றாகத் தெரியும். பள்ளி அலுவலக மேசையில் நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றை வைத்துள்ளோம். எரிமீனைக் கண்டவர் யாராயினும் நேரம், திசை, நிறம், ஒலி கேட்டதா என்பவற்றை அதில் எழுதலாம். எழுத இயலாதவர் சொன்னால் மாணவர் எழுதிக்கொள்வர். செம்புறைக் கல்லும் அந்த மங்கும் அதே மேசையில்தான் இருக்கின்றன. வந்து தேய்த்துப் பார்க்கலாம்.