லேபிளைப் படித்துவிட்டுக் குடித்துப் பார்



தம்பி, விஸ்கி வடிசாலையில் சரக்குகளைக் கலக்கும் பிளெண்டர் வேலை பழகச் சேர்ந்திருக்கிறாய். கண்ணை நம்பாதே என்பதுதான் அங்கே முதல் பாடமாக இருக்கும். நிறத்தை மறைக்கும் நீலக் கண்ணாடிக் குவளை, எண் மட்டும் ஒட்டிய மாதிரி பாட்டில், ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை தண்ணீர், அப்புறம் மூக்கு. நாக்குக்கு அங்கே அதிக வேலையில்லை. வரிசையாகப் பீப்பாய்களைத் தரம் பார்க்க இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய பாட்டிலை இரண்டு பெக்குக்கு மேல் தொட மனசில்லாமல் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறாரே ஒருவர், அவருடைய ஏமாற்றம் இந்த முறையில் சிக்காது. நீ மோந்து பார்ப்பது பெயரில்லாத சரக்கு. அவர் குடிப்பதோ பெயரும் விலையும் நிறமும் சேர்ந்த ஒன்று. அவற்றைப் பார்த்து எதிர்பார்த்தது வாயில் வராதபோதுதான் பெரும்பாலும் அவர் மனம் விட்டுப்போகிறது.

லாக் டூவை எடுத்துக்கொள். 1996-ல் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியிலுள்ள மானக்மோர் வடிசாலையின் மால்ட்டைக் கொண்டு வெளிவந்த ‘கறுப்பு விஸ்கி’ அது. பத்து வயது, 40 சதவீதம். குவளையில் ஊற்றினால் கோலா பானம் போலக் கறுப்பு. இருமுறை கரியாக்கிய பீப்பாய்தான் காரணம் என்று லேபிள் சொன்னது; குடித்தவர்கள் கேரமல் சாயத்தைச் சந்தேகித்தார்கள். ஸ்காட்ச்சில் தண்ணீரும் சாதாரணக் கேரமல் நிறமும் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது என்பதால் அந்தச் சந்தேகத்தில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. சிக்கல் வேறு. அவ்வளவு கறுப்பைப் பார்த்த கண், நெடுநாள் ஷெர்ரி பீப்பாயில் ஊறிய விஸ்கியின் காய்ந்த திராட்சையையும் கனத்தையும் எதிர்பார்த்து நாக்கைத் தயார் செய்துவிடுகிறது. வந்ததோ மெலிந்த உடம்பும் காந்தின சர்க்கரையின் கசப்பும். சில ஆண்டுகளிலேயே கடைகளிலிருந்து போய்விட்டது. உலகின் மோசமான விஸ்கிகளில் ஒன்று என்ற பேர் மட்டும் நின்றது. இன்று சேகரிப்பவர்கள் அதே பாட்டிலுக்குப் பெரிய தொகை கொடுக்கிறார்கள். அவர்கள் மூடியைத் திறப்பதில்லை என்பதால் அதை மறுதீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் லாக் டூ திரவமாகவே மட்டம்தானே என்று கேட்பாய். சரி, சரக்கில் குறை சொல்ல முடியாத கார்டூ என்ற ஸ்காட்ச்சுக்கு வருவோம். ஸ்பெயினில் அதன் தேவை வடிசாலையின் உற்பத்தியைத் தாண்டியபோது, 2003-ல் அதன் உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் வேறு வடிசாலை மால்ட்டையும் கலந்து, ‘சிங்கிள் மால்ட்’ என்ற சொல்லை ‘ப்யூர் மால்ட்’ என்று மாற்றி, ஏறத்தாழ அதே பாட்டிலில் அதே பெயரில் விற்றது. எல்லாம் ஒழுங்கான மால்ட்தான். நீலக் குவளையில் வைத்தால் பலர் வித்தியாசம் தெரியாமலே கடந்து போயிருப்பார்கள். ஆனால் போட்டி நிறுவனங்களே கொதித்தெழுந்தன. மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2009-ல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள் ‘ப்யூர் மால்ட்’ என்ற சொல்லையே லேபிளிலிருந்து நீக்கின. ஜப்பானிலும் இதே கதை. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்கிய விஸ்கி, ஜப்பானிய எழுத்தும் அலங்காரமும் ஒட்டி விற்பனைக்கு வந்தது. ஜப்பானிலேயே வடித்து, அங்கேயே குறைந்தது மூன்றாண்டு பீப்பாயில் வைத்தால்தான் ஜப்பானிய விஸ்கி என்று தயாரிப்பாளர் சங்கம் தனக்குத்தானே விதி வகுத்துக்கொண்டது 2021-ல்தான்.

லேபிளோடு சுவைத்தால் மனம் ஏமாற்றும் என்பது உன் ஆசிரியர்களின் வாதமாக இருக்கும். ஆதாரமும் வலுவானதுதான். 2001-ல் வெளிவந்த போர்டோ ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஒயின் படிக்கும் மாணவர்களே சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். 2008-ல் அமெரிக்காவில், ஒரே ஒயினைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, தொண்ணூறு டாலர் என்றதே அதிகம் பிடித்தது. விலையே ருசியைக் கூட்டுமானால் கவலை எதற்கு என்று விற்பனைப் பிரிவு கேட்கலாம். அந்த ஆய்வில் யாரும் தன் காசைக் கொடுக்கவில்லை. ஒரு வாய் மட்டும் குடித்தார்கள். 750 மில்லி பாட்டிலில் அறுபது மில்லிக் கணக்கில் பன்னிரண்டு பெக் இருக்கிறது. முதல் பெக்கை லேபிள் தூக்கிவிடும். ஐந்தாவது பெக்கில் அந்தச் செல்வாக்கு மிச்சமிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அங்கே கொடுத்த விலை நாக்கின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். லேபிள் உண்டாக்கும் அந்த மனச்சாய்வு வாடிக்கையாளருக்கும் உண்டு என்பதால்தான் நீ அதை ஒதுக்கிவிடாமல் ஒருமுறையாவது அதற்கு ஆட்பட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

திரவத்திலேயே கோளாறு இருப்பதும் உண்டு. காலி ஒயின் பீப்பாய் கெடாமலிருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள். அதன் மிச்சம் விஸ்கியில் ஏறினால் தீக்குச்சி கிழித்த வாடை, சிலருக்கு வெந்த முட்டைக்கோஸ் வாடை. சில மூக்குகளுக்கு அது தெரிவதே இல்லை. எனவே ஒற்றை மூக்கை நம்பாமல், பல மூக்குகளைக் கொண்டு அப்படிப்பட்ட பீப்பாயை லேபிள் பார்க்காமலே கண்டுபிடி; அதற்கு நீலக் குவளை போதும். வயது போடாத பாட்டிலெல்லாம் ஏமாற்று என்ற புலம்பலையும் நம்பாதே. பெங்களூர் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகப் போகிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு சதவீதம்போல. பெங்களூரில் பன்னிரண்டு வயதுக்குக் காத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது சொற்பம். வயது சொல்லாமல் அங்கிருந்து வந்த அம்ருத் ஃப்யூஷனை விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010 கையேட்டில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக வைத்தார். வயது எண் போடாத லேபிள் அந்த எண்ணை வாக்குறுதியாகத் தருவதில்லை. 2012-13-ல் மக்காலன் வடிசாலை, கோல்டு, ஆம்பர், சியென்னா, ரூபி என்று நிறங்களையே பெயராக்கி, நிறம் ஆழமாக ஆக விலையை ஏற்றியதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த நிறம் இயற்கையானதுதான். ஆனாலும் கறுத்தால் உசத்தி என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பது, சாயம் கலப்பவனுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதாகும்.

லேபிள் என் வேலையில்லை என்று சொல்லாதே. ஸ்காட்லாந்தில் பிளெண்டரின் கையெழுத்தை லேபிளில் அச்சிடும் பிராண்டுகள் உண்டு. நாளை உன்னிடமும் கேட்பார்கள். கலவை இறுதியாகும் முன் லேபிளின் வரைவையும் விலையையும் கேட்டு வாங்கு. பாட்டிலின் வீரியத்திலேயே, உன் இருபது சதவீதத்தில் இல்லாமல், சாதாரண டம்ளரில் ஊற்று. வாங்குகிறவர் சோடாவும் ஐஸும் போடுவார் என்றால் நீயும் போடு. ‘செறிவு’, ‘ஷெர்ரி’, ‘புகை’ என்று லேபிள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்த பெக்வரை வாயில் தெரிகிறது என்று எழுது. இரண்டாவதிலேயே மறைந்துபோகும் சொல்லை நீக்கச் சொல், அல்லது அதைத் தாங்கும் பீப்பாயைச் சேர். சாயம் கலந்திருந்தால் அதையும் அச்சிடச் சொல். ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் அதை எழுதியே ஆக வேண்டும். அங்கே அதனால் விஸ்கி விற்பனை நின்றுபோய்விடவில்லை.