வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

கேள்வி: எட்டு வயது மகன் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அழுகிறான். நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? பின்னால் பத்தாம் வகுப்பு எழுத முடியுமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: முதலில் அந்த அழுகைக்குக் காரணம் தேடுங்கள். பக்கத்தில் உட்காரும் பையன் அடிக்கிறானா? கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா? கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறானா? மாலையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்புகிறதா என்று பாருங்கள். காரணம் இப்படி ஏதாவது என்றால், வகுப்பை மாற்றினாலோ கண்ணாடி போட்டாலோ தீர்ந்துவிடும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் தண்டனை என்று சொல்லவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்பில் சேர்ந்து தேர்வு எழுதலாம். குறைந்தது ஐந்து பாடங்கள். ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கும்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். சமையல், துணி, மாமியார் மருந்து எல்லாவற்றோடும் பாடமும் உங்கள் தலையில் மட்டும் விழுந்தால் தாங்காது. கணவர் எந்தப் பாடத்தை, எந்த நேரத்தில் எடுப்பார் என்று இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். மாலையில் அவன் விளையாடத் தெருவில் பிள்ளைகள் வேண்டும். கோடை விடுமுறையில் வீட்டிலேயே பாடம் நடத்திப் பாருங்கள். அதுவரை மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள்.