தலைமயிரைத் தூய்மை செய்யும் இயற்கைப் பொருள்கள்

நம் நாட்டில் தலை முழுகுவதற்கு உபயோகிக்கப்படும் பொருள்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இமயமலை அடிவாரத்து ஊர்களில் ரீட்டா எனப்படும் பூந்திக்கொட்டையும், தக்காணத்திலும் தென்னாட்டிலும் சீயக்காயும், தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த அரப்புப் பொடியும், இராஜஸ்தானத்தில் முல்தானி மண்ணும், மணிப்பூரில் அரிசி கழுவிய நீரில் மூலிகைகளைக் காய்ச்சித் தயாரிக்கும் செங்ஹி என்னும் நீரும் வழக்கத்தில் இருந்து வருகின்றன. சென்ற சில பத்தாண்டுகளில் ஷாம்பு இவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும், இன்று பலர் ஷாம்புவை விட்டுப் பழைய பொருள்களை மீண்டும் நாடுகின்றனர். எதை உபயோகிக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று களப் பணியாளரையும் ஆசிரியரையும் கேட்கின்றனர்.

இயற்கையானது ஆதலால் நல்லது என்பதும், பழையது ஆதலால் பயனற்றது என்பதும் இக்கேள்விக்கு விடையாகமாட்டா. எந்தப் பொருளாயினும் அது அழுக்கை எவ்வாறு நீக்குகிறது, ஊரிலுள்ள தண்ணீரில் எவ்வாறு வேலை செய்கிறது, தலைத் தோலுக்கும் கண்ணுக்கும் தீங்கு செய்யுமா என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அதைப்பற்றி யோசனை கூற முடியும். இவற்றை எளிய பரிசோதனைகளைக்கொண்டு அறிந்துகொள்ளும் வழி இக்கட்டுரையில் கூறப்படுகிறது.

அழுக்கு நீங்கும் விதம்

தலைமயிர் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மயிரின் வெளிப்புறத்தில் மெல்லிய செதில்கள், கூரையின்மீது ஓடுகள் வேய்ந்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இச்செதில்கள் படிந்து கிடக்கும்பொழுது மயிர் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவை தூக்கி நின்றால் மயிர் சொரசொரப்பாகிச் சிக்குண்ணும். மயிர்க்காலின் அருகிலுள்ள சுரப்பிகள் சீபம் என்னும் எண்ணெய்ப் பொருளைச் சுரக்கின்றன. தூசியும், வியர்வையின் உப்பும், உதிர்ந்த தோற்செதிலும் இந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்வதையே நாம் அழுக்கு என்கிறோம்.

நீர் எண்ணெயோடு சேராது. ஆகவே, வெறும் நீரால் இவ்வழுக்கை முழுவதும் போக்க இயலாது. நீரை விரும்பும் ஒரு முனையும் எண்ணெயை விரும்பும் மற்றொரு முனையும் கொண்ட மூலக்கூறுகள் இரண்டுக்கும் நடுவே வேண்டும். இம்மூலக்கூறுகள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. எண்ணெய்த் துளியைச் சூழ்ந்துகொண்டு அதை மயிரிலிருந்து பெயர்த்து நீரோடு செல்ல விடுகின்றன. சோப்பு, ஷாம்புவிலுள்ள செயற்கைச் சலவைப் பொருள், சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் ஆகிய மூன்றும் செய்யும் வேலை இதுவே. மூன்றும் ஒரே விதிக்கு உட்பட்டவை. வேறுபாடு அவற்றின் பிற குணங்களில்தான் உள்ளது.

சோப்பும் உப்புத் தண்ணீரும்

ஷாம்புவை விட்டவர்களில் பலர் குளியல் சோப்பையே தலைக்கும் தேய்க்கின்றனர். இது இயற்கைக்குத் திரும்புதல் ஆகாது. சோப்பு என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படுவது. சோப்புக் கரைசலின் அமிலகார எண் (பி.எச்.) சாதாரணமாக 9 முதல் 10 வரை இருக்கும். தலைத் தோலின் எண்ணோ ஏறத்தாழ 5.5, அதாவது, அது சிறிது அமிலத்தன்மை உடையது. காரம் பட்டால் மயிர் நீரை உறிஞ்சிப் பருத்து, அதன் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன.

இதனினும் பெரிய குறை, கடின நீரில் தோன்றுகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பது நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுவதே. இவ்வுப்புகள் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத ஒட்டும் பொருளாக மாறி மயிரின்மீது படிகின்றன. எவ்வளவு அலசினாலும் பிசுபிசுப்பு நீங்காமைக்கு இதுவே காரணம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி (2012), மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை அனுமதிக்கப்படுகிறது. குடிப்பதற்குத் தகுதியான நீரே சோப்பை வீணாக்கக்கூடும் என்பதை இதனால் அறியலாம்.

செயற்கைச் சலவைப் பொருளால் ஆன ஷாம்பு, கடின நீரில் இவ்வாறு திரிவதில்லை. 1930-ஆம் ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்தபொழுது வரவேற்புப் பெற்றதற்கு இக்குணமே முக்கிய காரணம். ஆகவே, ஷாம்புவுக்கு மாற்றாக வரும் பொருளும் கடின நீரில் வேலை செய்ய வேண்டும். சபோனின் இந்தத் தேர்வில் வெற்றி பெறுகிறது.

சபோனின் உள்ள பொருள்கள்

பூந்தி மரத்தில் இரண்டு இனங்கள் நமக்கு முக்கியமானவை. ஒன்று இமயமலை அடிவாரத்திலும், மற்றொன்று தென்னாட்டிலும் வளர்கின்றன. இவற்றின் தாவரவியற் பேரினப் பெயராகிய சாபிண்டஸ் என்பது 'இந்தியச் சோப்பு' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. சபோனின் பழத்தின் சதைத் தோலில் உள்ளது; உள்ளேயிருக்கும் கரிய விதை துவைப்பதற்குப் பயன்படாது. பட்டு, கம்பளி ஆகியவற்றைத் துவைக்கவும், நகைகளைத் துலக்கவும் பூந்திக்கொட்டை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. பட்டும் கம்பளியும் மயிரைப் போலவே புரத இழைகள்; காரம் அவற்றுக்கும் ஆகாது. அவற்றுக்கு ஏற்றது தலைமயிருக்கும் ஏற்றதாயிருப்பதில் வியப்பில்லை.

சீயக்காய், முள் நிறைந்த ஒரு காட்டுக் கொடியின் காய். அது அவரை இனத்தைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டையைவிட நுரை குறைவாகத் தரும். இரண்டின் சாறும் சிறிது அமிலத்தன்மை உடையவை. ஆகவே மயிரின் செதில்களைத் தூக்குவதில்லை. அரப்பு இவ்விரண்டிலும் குறைவாகவே நுரைக்கும்; எனினும் எண்ணெயை நன்கு நீக்கும். நுரை மிகுதியே தூய்மைக்கு அளவு என்று எண்ணுவது தவறு.

பிற பொருள்கள்

முல்தானி மண், பாசிப்பயற்று மாவு ஆகியவை வேறு முறையில் வேலை செய்கின்றன. அவற்றின் நுண்ணிய துகள்கள் எண்ணெயைத் தம்மீது ஈர்த்துக்கொள்ளும். அலசும்பொழுது துகளுடன் எண்ணெயும் போய்விடும். எண்ணெய்ப்பசை மிகுந்த தலைக்கு இவை ஏற்றவை; வறண்ட மயிரை மேலும் வறளச் செய்யும்.

செம்பருத்தி இலை, ஊறவைத்த வெந்தயம், வடித்த கஞ்சி ஆகியவை அழுக்கை நீக்குபவை அல்ல. அவற்றின் வழவழப்பான பொருள் மயிரின்மீது மெல்லிய படலமாகப் படிந்து சிக்கைக் குறைக்கிறது. ஆதலால் இவற்றைச் சீயக்காயுடன் துணையாகச் சேர்ப்பதே முறை.

சமையல் சோடாவால் தலையைத் தேய்த்து, பின் எலுமிச்சைச் சாற்றால் அலசும் வழக்கம் அண்மையில் பரவியுள்ளது. சோடாக் கரைசலின் எண் சுமார் 8.3, அது காரம். எலுமிச்சைச் சாற்றின் எண் 2-ஐ ஒட்டியது. அது கடுமையான புளிப்பு. ஒன்றன்பின் ஒன்றாக இவ்விரு எல்லைகளுக்கும் தலைத் தோலை உட்படுத்துவது நன்றன்று. ஆனால், கடின நீரில் சோப்பு உபயோகிக்க நேர்ந்தவர்கள், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கலந்து கடைசியாக அலசினால், மயிரில் படிந்த பொருள் பெரும்பாலும் நீங்கும்.

தயாரிக்கும் முறை

பூந்திக்கொட்டையாயின், விதையை நீக்கிய உலர்ந்த தோல் 10 கிராமைக் கால் லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிசைந்து, துணியில் வடிகட்ட வேண்டும். சீயக்காய்ப் பொடியாயின் 15 முதல் 20 கிராம் வரை எடுத்து அதே அளவு நீரில் ஊறவைக்கலாம். பொடியை மெல்லிய துணியில் சலித்தெடுப்பது அவசியம். பருந்துகள்கள் தலைத் தோலைக் கீறுவதுடன் மயிரிலும் தங்கிவிடும். இச்சாறுகளில் கெடாமற் காக்கும் பொருள் ஏதும் இல்லை. ஆகவே, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தயாரித்து, மிகுந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொடியை ஈரம் படாத மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை உபயோகிக்கலாகாது.

வகுப்பிலும் கிராமக் கூட்டத்திலும் செய்து காட்டத்தக்க பரிசோதனைகள்

1. கடின நீர்ப் பரிசோதனை. ஒரு லிட்டர் மழைநீரில் ஒரு கிராம் பேதியுப்பைக் (மக்னீசியம் சல்பேட்) கரைத்தால், சுமார் 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீர் கிடைக்கும். ஒரே அளவான நான்கு புட்டிகளை எடுத்துக்கொள்க. இரண்டில் மழைநீரும் இரண்டில் கடின நீரும் பாதியளவு நிரப்புக. ஒவ்வொரு வகை நீரிலும் ஒன்றில் சோப்புக் கரைசலையும் மற்றொன்றில் பூந்திச் சாற்றையும் பத்துப் பத்துத் துளிகள் இட்டு, ஒரே அளவு குலுக்குக. கடின நீரில் சோப்பு திரிந்து வெண்மையாகக் கலங்குவதையும், பூந்திச் சாறு இரண்டு நீரிலும் நுரைப்பதையும் காணலாம். பின்னர் ஊர்க் கிணற்று நீரைக் கொண்டு இதையே செய்து ஒப்பிடுக.

2. காரப் பரிசோதனை. மஞ்சள் தூளை நீரில் குழைத்துத் தாளில் பூசி உலர்த்துக. அதன்மீது சோப்புக் கரைசலை ஒரு துளி இட்டால் செந்நிறமாக மாறும். சீயக்காய்ச் சாறும் பூந்திச் சாறும் அவ்வாறு மாற்றுவதில்லை. கையிலுள்ள ஷாம்புவையும் சோதித்துப் பார்க்கலாம். செயற்கைப் பொருள் யாவும் காரம் என்ற எண்ணம் சரியன்று என்பது பெரும்பாலும் அப்பொழுதே விளங்கிவிடும்.

3. எண்ணெய்ப் பரிசோதனை. ஒரே நீளமுள்ள கம்பளி நூல்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு துளி தேங்காயெண்ணெய் தடவுக. ஒன்றை வெறும் நீரிலும், மற்றவற்றைச் சோப்பு, ஷாம்பு, சீயக்காய், அரப்பு ஆகியவற்றிலும் ஒரே நேர அளவு அலசி உலர்த்துக. பிறகு வெள்ளைத் தாளுக்கிடையே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துக. தாளில் விழும் எண்ணெய்க் கறையின் அளவு, மிஞ்சிய எண்ணெயைக் காட்டும். நுரையின் உயரத்தையும் கறையின் அளவையும் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால், இரண்டும் ஒன்றையொன்று தொடர வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

மூன்றிலும் அளவு, நேரம், நீர் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்க்கு வற்புறுத்துக. ஒரு குடும்பம் புதிய பொருளைப் பழகும்பொழுதும் இவ்விதியே பொருந்தும். ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றாமல், ஒன்றை மட்டும் நான்கு வாரம் உபயோகித்து, அரிப்பு, வறட்சி, எண்ணெய்ப்பசை ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். ஷாம்புவை நிறுத்தினால் எண்ணெய் சுரப்பதே குறைந்துவிடும் என்று கூறப்படுவதை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. சீபம் சுரப்பதை நிர்ணயிப்பவை பெரும்பாலும் உடலிலுள்ள ஹார்மோன்களே.

எச்சரிக்கை

சபோனின் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். உடனே தூய நீரால் நன்கு கழுவ வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பூந்திச் சாற்றைத் தவிர்ப்பது நன்று. தலையில் புண்ணோ கீறலோ இருப்பின் உபயோகிக்கலாகாது. முதன்முறை உபயோகிப்பவர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். சபோனின் மீன்களின் செவுள்களைத் தாக்கும். பூந்திக்கொட்டையை இட்டு மீன்பிடிக்கும் பழக்கமும் இருந்ததுண்டு. ஆகவே, கழுவிய நீரை மீன் வளர்க்கும் சிறு குட்டைகளில் விடக்கூடாது.

மருதாணியில் விரைவாகக் கருநிறம் பிடிப்பதற்காகப் பாரா-பினிலீன்-டையமீன் என்னும் சாயப் பொருளைக் கலப்பதுண்டு. அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. 'இயற்கை' என்று அச்சிட்டிருப்பினும், கரிய நிறம் தரும் மருதாணியை ஐயத்துடனே நோக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. தலை கழுவும் பொருள் மருந்தன்று. பள்ளிக் குழந்தையின் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்து, செதில் படிந்திருந்தால் அது பூஞ்சண நோயாகிய படர்தாமரையாக இருக்கலாம். அது மயிரின் வேருக்குள் இருப்பதால், மேலே எதைத் தேய்த்தாலும் குணமாகாது. உட்கொள்ளும் மருந்து வேண்டும். நாட்களைக் கடத்தினால் மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றும். சிலருக்கு மயிர் மீண்டும் முளைக்காமலே போகும். இத்தகைய குழந்தையைக் கண்ட ஆசிரியர் உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

சேகரிக்கும் மக்கள்

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் பெரும்பாலும் காடுகளிலும் காட்டோரங்களிலும் சேகரிக்கப்படுகின்றன. பழங்குடி மக்களின் வருமானத்தில் இவற்றுக்குப் பங்குண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இத்தகைய சிறு வன விளைபொருள்களின்மீது அவர்களுக்கு உரிமை அளித்துள்ளது. ஆந்திரத்தில் 1956-இல் தொடங்கப்பெற்ற கிரிஜன் கூட்டுறவு நிறுவனம் இவற்றைக் கொள்முதல் செய்து விற்கிறது. காய் முற்றுமுன் பறிப்பதும், பறிப்பதற்காகக் கொடியையே வெட்டுவதும் அடுத்த ஆண்டின் விளைவைக் கெடுக்கும். முற்றிய காயைப் பறித்து, நன்கு உலர்த்தி, மண்ணின்றிச் சேமித்தால் நல்ல விலையும் கிடைக்கும், உபயோகிப்பவர்க்கு நல்ல பொருளும் கிடைக்கும். பூந்தி மரத்தைப் பள்ளித் தோட்டத்திலும் வேலி ஓரத்திலும் வளர்க்கலாம்.

ஷாம்புவைப் பகைக்க வேண்டியதில்லை. சீயக்காயைப் போற்றிப் பாட வேண்டியதுமில்லை. நீர் கடினமாயுள்ள ஊரில் சோப்பைத் தலைக்குத் தவிர்த்து, சபோனின் உள்ள பொருளையோ மிதமான ஷாம்புவையோ அவரவர் வசதிக்கேற்பக் கொள்ளலாம். எதைக் கொண்டாலும் அளவாகக் கொண்டு, நன்றாக அலசிவிட வேண்டும். இதைச் சொல்லால் மட்டும் கூறாமல், நான்கு புட்டிகளையும் ஒரு மஞ்சள் தாளையும் கொண்டு காட்டினால் மக்கள் தாமே முடிவு செய்துகொள்வர்.

பயிற்சி வினாக்கள்

1. கடின நீரில் சோப்பு வீணாவது ஏன்? பூந்திச் சாறு அவ்வாறு வீணாகாமைக்குக் காரணம் யாது?
2. சீயக்காய், முல்தானி மண், வெந்தயம் ஆகிய மூன்றும் மயிரின்மீது செய்யும் வேலையை வேறுபடுத்திக் காட்டுக.
3. உங்கள் ஊரிலுள்ள மூன்று நீர்நிலைகளின் நீரைச் சோதித்து, எந்த நீர் தலை முழுகுவதற்கு ஏற்றது எனக் காரணத்துடன் எழுதுக.