நீரா, சுமையா: டர்ட் பைக்கின் பின்பக்க பேரிங்குகளைப் பேணும் வழிகளுள் எதைத் தேர்வது?

டர்ட் பைக்கின் பின்சக்கரம் மேடுபள்ளங்களில் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் சென்று திரும்புகிறது. அந்த அசைவைத் தாங்குபவை, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் என்னும் கை சட்டகத்தோடு சேரும் இடத்திலும், ஸ்விங் ஆர்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே நெம்புகோலாக இயங்கும் லிங்கேஜ் என்னும் இணைப்பிலும் பொதிந்திருக்கும் நீடில் பேரிங்குகளே. தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த எஃகு ஊசிகள் ஒரு மெல்லிய எஃகுக் கிண்ணத்துக்குள் வட்டமாக அடுக்கப்பட்டு, அவற்றின் நடுவே காலர் எனப்படும் கடினமாக்கப்பட்ட எஃகுக் குழல் செருகப்பட்டு, இருபுறமும் ரப்பர் சீல்களால் மூடப்பட்டிருப்பதே இதன் அமைப்பு. கவாசாகியின் யூனி-ட்ராக், ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், சுஸுகியின் ஃபுல் ஃப்ளோட்டர் ஆகியவை 1980களின் தொடக்கத்தில் லிங்கேஜ் முறையைப் பரவலாக்கின. சக்கரம் மேலேறஏற எதிர்ப்பைக் கூட்டித் தரும் இம்முறை, அதற்கு விலையாக, வண்டியின் அடிப்பகுதியில், சேறு நேரே வந்து அடிக்கும் இடத்தில், பல பேரிங்குகளைக் கொண்டு வைத்தது.

இந்தப் பேரிங்குகள் சுமையால் தேய்கின்றன என்ற பரவலான கருத்து பாதி உண்மையே. சக்கரத்தின் பேரிங் ஓயாமல் சுழல்வதால் அதன் கிரீஸ் தானாகவே எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஸ்விங் ஆர்ம் பேரிங்கோ சக்கரத்தின் முழுப் பயணத்திலும் சுமார் 30 டிகிரி மட்டுமே அசைந்து திரும்புவதால், ஓர் ஊசி தன் அச்சில் அரைச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை, பக்கத்து ஊசியின் இடத்தைத் தாண்டிச் செல்வதும் அரிது. ஒரே ஊசிகள் காலரின் ஒரே பகுதியை அழுத்திக்கொண்டிருக்க, அங்கிருந்து ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராமல் போக, சீலின் விளிம்பு வழியே கசியும் சில துளி நீர் அந்த வெற்றிடத்தில் தங்கித் துருவைத் தொடங்கிவிடுகிறது. துருத்துகள் உப்புத்தாள்போல் காலரை அரிக்க, ஊசிகள் பதிந்த இடங்களில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. எனவே ஒவ்வொரு தேர்விலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது நீரை எந்த அளவுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதுதான்.

கிரீஸில் தொடங்கலாம். கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்துவைக்கும் கெட்டிப்பொருளும் சேர்ந்த கலவை. எந்தக் கெட்டிப்பொருள் என்பதே அதன் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பொதுப் பயன்பாட்டு லித்தியம் கிரீஸ் மலிவானது, எங்கும் கிடைப்பது. வறண்ட தடத்தில் ஓடி அடிக்கடி பிரிக்கப்படும் வண்டிக்கு அது போதும். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் படலம்படலமான திண்மம் கலந்த லித்தியம் கிரீஸ், எண்ணெய்ப் படலம் அறுந்த இடத்திலும் எஃகு எஃகைத் தொடாமல் காப்பதால், மெதுவாகவும் கனமாகவும் அசையும் இவ்விணைப்புகளுக்கு ஒரு படி மேலானது. ஆயினும் ஆறும் ஓடையும் கடந்து, சேற்றில் புதைந்து எழும் என்டியூரோ வண்டிக்குக் கால்சியம் சல்ஃபோனேட் வகை கிரீஸே ஏற்றது. அதன் கெட்டிப்பொருளே துருவைத் தடுக்கும் தன்மையுடையது, நீர் கலந்தாலும் எளிதில் இளகி ஓடாதது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு முறைக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது என்பதால், அந்த வேறுபாட்டை ஒரு பேரிங் செட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம்.

கெட்டித்தன்மையையும் கவனிக்க வேண்டும். என்எல்ஜிஐ 2 எனக் குறிக்கப்படும் தரத்தில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் அளவுக்கூம்பு கிரீஸுக்குள் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும். இது ஊசிகளின் இடுக்குகளில் புகவும், புகுந்த இடத்தில் நிற்கவும் ஏற்ற பதம். கடைகளில் ஏபி-3 என்று கேட்டு வாங்கப்படும் கிரீஸ் இதைவிடக் கெட்டியானது. ஒதுங்கிய இடத்துக்குத் திரும்பி வர இன்னும் தயங்கும். ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பழையதை மண்ணெண்ணெயால் முழுவதும் கழுவி உலர்த்திய பிறகே புதியதை வைக்க வேண்டும். ஒவ்வாத கெட்டிப்பொருள்கள் கலந்தால் இரண்டும் கூழாகி ஒழுகிவிடும்.

அடுத்த தேர்வு, பிரித்துக் கிரீஸ் வைப்பதா, நிப்பிள் என்னும் சிறு முனையைப் பொருத்தி அதன் வழியே கிரீஸ் கன்னால் செலுத்துவதா என்பது. நிப்பிள் வழியே இரண்டு நிமிடத்தில் வேலை முடிவது பெரிய கவர்ச்சிதான். எனினும் அழுத்தத்தில் செல்லும் கிரீஸ் எளிய வழியைத் தேடிப் போகுமே தவிர, காய்ந்துபோன ஊசியைத் தேடிப் போகாது. ஒரு பக்கச் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியேறிவிட்டால் மறுபக்கம் வறண்டபடியே இருக்கும். தொழிற்சாலையிலேயே நிப்பிள் வைத்து வந்த வண்டியில் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நிப்பிள் இல்லாத லிங்கேஜில் துளையிட்டுப் பொருத்துவது சுமை தாங்கும் உறுப்பைப் பலவீனப்படுத்தும் செயல், தவிர்க்கத்தக்கது. பிரிப்பதற்கு அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளில்தான் துரு கண்ணுக்குத் தெரிகிறது, கிழிந்த சீல் கைக்கு அகப்படுகிறது.

பிரித்தவர் காலரை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து, விரல் நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிச் சென்றால் கழுவி, கிரீஸ் வைத்துத் திரும்பப் பொருத்தலாம்; தட்டினால் காலரும் பேரிங்கும் சேர்ந்தே மாற வேண்டும், ஏனெனில் ஊசிகள் நேரடியாக ஓடுவது காலரின் மேல்தான்; பள்ளம் விழுந்த காலரில் புதிய ஊசிகளை ஓடவிட்டால் அவையும் விரைவில் கெடும். ஊசிகளைப் பிடித்துவைக்கும் கூண்டு இல்லாத வகையில் அவை தனித்தனியாக உதிரக்கூடியவை என்பதால், காலரை உருவும்முன் கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்வது நல்லது. பந்துப் பேரிங்கில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும் என்ற விதி இங்கே செல்லாது. வேகச் சுழற்சி இல்லாததால் சூடேறும் அச்சமில்லை, ஊசிகளின் இடையிலும் சீலின் உட்புறத்திலும் நிறைய அடைக்க வேண்டும். அப்படி அடைக்கப்பட்ட கிரீஸே நீருக்கு இரண்டாவது சுவர்.

மாற்றும் நிலை வந்தால், வண்டி நிறுவனத்தின் பாகம், பிற நிறுவனங்களின் முழு கிட், உலோக அல்லது பாலிமர் புஷ் என மூன்று வழிகள் உண்டு. சீலும் காலரும் உள்ளடங்கிய நல்ல கிட் பெரும்பாலோர்க்குப் போதுமானது. ஆனால் காலர் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பெட்டியின் படத்தை நம்பாமல் பட்டியலைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். புஷ் நீரைப் பொறுத்துக்கொள்ளும். உருளாமல் உராய்ந்தே இயங்குவதால் சிறு அதிர்வுகளுக்கு ஷாக் உடனே இணங்காது, ஆகவே வேகமாக ஓட்டுபவருக்கு அது உகந்ததன்று. எதைத் தேர்ந்தாலும் மெல்லிய கிண்ணத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. பிரஸ் கொண்டு, எழுத்துப் பொறித்த முனையில் அழுத்தி, மேனுவல் சொல்லும் ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

புதிய வண்டி வாங்க இருப்பவருக்கு இன்னொரு தேர்வும் உண்டு. கேடிஎம் தன் மோட்டோகிராஸ் எஸ்எக்ஸ் வண்டிகளுக்கு லிங்கேஜைத் தந்துவிட்டு, என்டியூரோவுக்கான ஈஎக்ஸ்சி வரிசையில் ஷாக்கை நேரே ஸ்விங் ஆர்மில் மாட்டும் பிடிஎஸ் முறையையே தொடர்ந்தது. லிங்கேஜ் இல்லாததால் பாறையில் இடிபடும் பாகமும் குறைவு, பராமரிக்க வேண்டிய பேரிங்கும் குறைவு. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் டர்ட் பைக் அன்று. எனினும் அதிலும் லிங்கேஜ் உண்டு என்பதால், இங்கே கூறியவற்றுள் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

வண்டியைக் கழுவும் முறை இவை எல்லாவற்றையும்விடக் கூடுதலாகப் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வாட்டர் வாஷ் துப்பாக்கியின் நீர்த்தாரையைத் தடுக்கும் வலு சீலின் மெல்லிய விளிம்புக்கு இல்லை. சேற்றை ஊறவைத்து, குழாய் நீராலும் தூரிகையாலும் அகற்றுவதே சரி. துப்பாக்கியைத் தவிர்க்க இயலாதவர் லிங்கேஜ் முனைகளையும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் இரு பக்கங்களையும் குறிவைக்காமலாவது இருக்க வேண்டும். பிரிக்கும் கால அளவுக்கு மேனுவலே முதல் வழிகாட்டி. வறண்ட தடத்தில் அதைப் பின்பற்றினால் போதும், லிங்கேஜ் மூழ்கும் அளவு நீரில் இறங்கிய வண்டியை அட்டவணைக்குக் காத்திராமல் பிரிக்க வேண்டும். இடையில், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கையில் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் லிங்கேஜையோ ஷாக்கின் முனைகளையோ, பக்கவாட்டில் அசைந்தால் ஸ்விங் ஆர்ம் பேரிங்கையோ சந்தேகிக்கலாம்.

புது வண்டியில் கிரீஸ் போதுமான அளவு இருக்கும் என்று நம்பி முதல் ஓராண்டைக் கடத்துவோர் பலர். தொழிற்சாலையில் வைக்கப்படும் கிரீஸ் பெரும்பாலும் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே என்பதால், புதிய டர்ட் பைக்கை வீட்டுக்குக் கொண்டுவருபவர் முதல் ஓட்டத்துக்கு முன்பே லிங்கேஜைப் பிரித்து நிறையக் கிரீஸ் வைத்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கிவிட வேண்டுகிறோம்.